அடி தெரியும் வரை

நீரைப் பற்றிய ஒருவனது அறிவு அவன் பிறந்து வளர்ந்த நிலத்திலிருந்தே பெறப்படுகின்றது. வற்றாத ஆறெதுவும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளர்ந்தவன் நீரைக் கிணறாகவே அறிகின்றான். சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து வெட்டப்பட்ட கிணறு கலங்கினாலும் பாசி பிடித்தாலும் செய்யவேண்டியது இன்னதென்பதில் அவனுக்கு ஐயம் எழுவதில்லை. கோடையில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் நாளொன்றைத் தெரிந்து, நீரை இறைத்து, அடியிற் படிந்த சேற்றை வாளி வாளியாக வெளியேற்றி, சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டால், எஞ்சியதை ஊற்றுப் பார்த்துக்கொள்ளும். பழைய நீர் போய்ப் புதுநீர் வருவதே தூய்மை என்பது அவ்வறிவின் சாரம்.

இந்த அறிவோடு தமது எழுபதாவது வயதிற் கனடா சென்ற பெரியவர் ஒருவர், ரொறன்ரோவின் புறநகர்ப் பகுதியொன்றில் மகள் வீட்டில் வாழ்ந்து வருகின்றார். 1983 ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின்னர் அந்நாட்டிற் குடியேறிய ஈழத்தமிழருட் பலர் இன்று அத்தகைய புறநகர்களில் வீட்டுக்குரியவர்கள். முன்னைய உரிமையாளர் அமைத்த நீச்சல் தடாகமும் சில வேளைகளில் வீட்டோடு சேர்ந்து அவர்களது கைக்கு வந்துவிடுகின்றது. பெரியவர் அங்கு கழித்த முதலாவது பனிக்காலம் முழுவதும் அவ்வீட்டுத் தடாகம் மூடுசீலையின் கீழ் உறைந்து கிடந்தது. மே மாதத்தில், விக்ரோறியா தின விடுமுறையை ஒட்டி மருமகன் சீலையை விலக்கியபோது, உள்ளே நின்றது பச்சைக் கூழ் போன்ற நீர். முதற்படியே கண்ணுக்குத் தெரியவில்லை.

இதிற் புதுமை எதுவும் இல்லை. இலையுதிர் காலத்தில் இட்ட குளோரீன் மாதக் கணக்கிற் கரைந்து தீர்ந்துவிடுகின்றது. உருகிய பனியோடு சருகும் மகரந்தமும் தூசியும் உள்ளே சேர்ந்து பாசிக்கு உணவாகின்றன. நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 15 பாகை செல்சியசைத் தாண்டி வெயிலும் கிடைத்துவிட்டால், நுண்ணிய அல்காக்கள் ஒளித்தொகுப்பின் துணையோடு விரைந்து பெருகுகின்றன. இதனாலேயே, நீர் சூடேறுவதற்கு முன்னரே தடாகத்தைத் திறந்துவிட வேண்டுமென அனுபவமுள்ளோர் கூறுவர்.

"தம்பி, இதை வைச்சு ஏன் மினக்கெடுறியள்? மோட்டரைப் போட்டு முழுக்க இறைச்சு விடுங்கோ. அடியைத் தேய்ச்சுக் கழுவிப் போட்டுப் புதுத் தண்ணி விடலாம்" என்றார் பெரியவர்.

"இறைக்கக் கூடாது மாமா. இது கிணறில்லை. வெறுமையாக்கினால் நிலத்துக்குக் கீழை நிக்கிற தண்ணி இதைத் தூக்கிப் போடும்" என்றார் மருமகன்.

மருமகன் கூறியது உண்மை. பனி உருகும் காலத்தில் அந்நிலத்தின் நீர்மட்டம் உயர்ந்து நிற்கும். தடாகத்தினுள் உள்ள நீரின் பாரமே வெளியிலிருந்து வரும் அமுக்கத்தை எதிர்த்துத் தாங்குகின்றது. அப்பாரத்தை அகற்றினால் கொங்கிறீற்றுத் தொட்டி வெடிக்கலாம். நிலத்திலிருந்து மேலெழவுங் கூடும். கிணறு நிலத்து நீரை உள்ளே அழைப்பது. தடாகம் அதனை வெளியே நிறுத்துவது. பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். இறைத்தலுக்கும் ஓர் எல்லை உண்டென்பது அவர் அறியாததன்று. குடாநாட்டின் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பது. அளவுக்கு மிஞ்சி இறைத்தாற் கிணறு உவராகும். 2004 ஆம் ஆண்டுச் சுனாமியின் பின்னர் கிழக்குக் கரையோரக் கிணறுகளைக் கழுவியவர்களுக்கும், கீழுள்ள உவர்நீர் மேலேறிவிடுமாதலால் மிகுதியாக இறைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

ஆகவே, நின்ற நீரையே திருத்துவதென முடிவாயிற்று. சருகுகள் வலையால் அள்ளப்பட்டன. சுவர்களும் படிகளும் தூரிகையாற் தேய்க்கப்பட்டன. சுவரில் ஒட்டிய பாசி வழுவழுப்பான படலத்தினுள் ஒளிந்திருப்பதால், அதனைக் கிளறிவிடாமல் ஊற்றும் மருந்து மேற்பரப்பையே தொடும். அடுத்து, நீரின் பி.எச். பெறுமானம் அளந்து குறைக்கப்பட்டது. குளோரீனின் கொல்லும் ஆற்றல் இப்பெறுமானத்திலேயே தங்கியுள்ளது. அது 7.5 அளவில் இருக்கும்போது நீரிலுள்ள குளோரீனில் ஏறத்தாழ அரைப்பங்கே வீரியமிக்க வடிவில் நிற்கின்றது. 8 ஆக உயர்ந்தால் அப்பங்கு காற்பங்களவிற்கு வீழ்ந்துவிடும். இதனைக் கவனியாது மருந்தை மட்டும் இரட்டிப்பவர்களின் பணமே கரைகின்றது. குளோரீனை வெயில் சிதைத்துவிடுமாதலால் அது மாலையிலேயே இடப்பட்டது. வடிகட்டி இரவும் பகலும் ஓடியது.

இவ்வேலையில் நல்ல மருந்துகள் இரண்டைச் சேர்த்தால் இரட்டிப்பு நன்மை விளையுமென்று எண்ணுதலுந் தவறு. அமிலமுங் குளோரீன் மருந்தும் கலந்தால் நச்சு வாயு எழும். 2016 ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோ ஒலிம்பிக் போட்டிகளின்போது பாய்தற் தடாகம் ஒரே நாளிற் பச்சையாகியதை உலகமே பார்த்தது. சில நாள்களுக்கு முன்னர் தவறுதலாக ஊற்றப்பட்ட ஐதரசன் பேரொட்சைட்டு, நீரிலிருந்த குளோரீனைச் செயலிழக்கச் செய்திருந்தது. இரண்டுமே கிருமிகொல்லிகள், ஆயினும் ஒன்று மற்றொன்றை அழித்தது. அருகிலிருந்த தடாகத்தில் ஒத்திசைவு நீச்சல் நடைபெற வேண்டியிருந்தது. வீராங்கனைகள் நீருக்கடியில் ஒருவரையொருவர் காண வேண்டுமாதலால், அத்தடாகத்தின் நீர் முழுவதையும் வெளியேற்றி மாற்ற நேர்ந்தது.

நான்காம் நாட் காலையில் வீட்டுத் தடாகத்தின் பச்சை மறைந்திருந்தது. ஆனால் நீர் தெளியவில்லை. அரிசி கழுவிய நீர்போல வெளுத்து நின்றது. இறந்த பாசியின் நுண்துணிக்கைகளே அவ்வெண்மை. மணல் வடிகட்டியாற் பிடிக்க இயலாத அளவிற்கு அவை சிறியன. பாசியைக் கொல்லுதல் ஒரு வேலை. கொன்றதை வெளியேற்றுதல் மற்றொரு வேலை. முன்னையது ஓர் இரவில் முடியும். பின்னையதற்குப் பொறுமை வேண்டும்.

மறுநாள் விருந்தினர் வருவதாக இருந்தது. ஐந்து வயதுப் பேரன், "அம்மப்பா, இப்ப பச்சை இல்லைத்தானே, குளிக்கலாமா?" என்று கேட்டுக் கொண்டே நின்றான். மருமகனும் இணங்கும் மனநிலையில் இருந்தார்.

"சோதினைத் தாளிலை எல்லாம் சரியெண்டு காட்டுது மாமா. குளோரீனும் அளவாய் வந்திட்டுது."

"தாள் தண்ணியைப் பற்றித்தான் சொல்லும் தம்பி. பிள்ளை தாண்டால் ஆர் காணுறது?"

மருமகன் மறுமொழி கூறவில்லை. மறுநாள் வந்தவர்கள் தடாகக் கரையில் இருந்து உண்டு, பேசி, கால் நனையாமலே திரும்பிச் சென்றனர். பிள்ளை அழுதான்.

பெரியவரின் சொல் முதுமையின் வீண் அச்சம் அன்று. ஒன்ராறியோ மாகாணத்தின் பொதுத் தடாகங்களுக்கான விதியும் அதனையே கூறுகின்றது. தடாகத்தின் மிக ஆழமான இடத்தில் வைக்கப்பட்ட 150 மில்லிமீற்றர் விட்டமுள்ள கறுப்பு வட்டம், 9 மீற்றர் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிதல் வேண்டும். வீட்டுத் தடாகத்தை அவ்விதி கட்டுப்படுத்தாது. எனினும் நீர் எவ்விடத்தும் ஒன்றே. 2011 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அமெரிக்காவின் மசச்சூசற்ஸ் மாநிலத்துப் பொதுத் தடாகமொன்றின் கலங்கல் நீரில் மூழ்கிய பெண்ணொருவரின் உடல், பலர் அதே நீரில் நீந்திச் சென்றிருந்தும் இரண்டு நாள்கள் எவர் கண்ணிலும் படவில்லை. நீரின் தெளிவை அழகின் பாற்பட்டதெனக் கருதுவோர்க்கு இவ்வொரு நிகழ்ச்சியே போதிய விடையாகும்.

அன்று மாலை மருமகன் படிகாரத்தைச் சார்ந்த உறைவிப்பு மருந்தொன்றை வாங்கி வந்தார். நுண்துணிக்கைகளை ஒன்றோடொன்று கூட்டித் திரளாக்கி அடியில் அமர்த்துவது அதன் தொழில் என்று அவர் விளக்கியபோது, பெரியவர் முதன்முறையாகச் சிரித்தார்.

"எங்கடை தேத்தாங்கொட்டை!"

கலங்கல் நீரைக் குடத்தில் எடுத்தவர்கள் அதன் உட்புறத்திலே தேற்றாங்கொட்டையை உரைத்து வைத்ததும் இத்தொழிலுக்காகவே. இரவு முழுவதும் நீர் அசையாது விடப்பட்டது. காலையில் அடியிற் படிந்திருந்த சாம்பல் நிறப் படிவை, மருமகன் உறிஞ்சு குழாயால் மெல்ல மெல்ல, கிளறிவிடாமல், நேரே வெளியேற்றினார். எவ்விடத்திற் கை விரைகின்றதோ அவ்விடத்தில் மீண்டும் புகை எழும் என்று கரையில் நின்றவாறே பெரியவர் எச்சரித்துக் கொண்டிருந்தார். கிணற்றுச் சேற்றில் நின்று கற்ற பாடம் அது. குறைந்த நீர் குழாயால் நிரப்பப்பட்டது.

அந்தத் தடாகத்தைத் திருத்தியது ஒருவருடைய அறிவு மட்டுமன்று. இறைத்துவிட வேண்டுமென்ற பெரியவரின் சொல்லைக் கேட்டிருந்தால் தொட்டி பிளந்திருக்கும்; தாளை நம்பிய இளையவரின் சொல்லைக் கேட்டிருந்தால் ஒரு பிள்ளை அடி தெரியாத நீரில் இறங்கியிருப்பான். தத்தம் அறிவு எவ்விடத்தில் முடிகின்றது என்பதை இருவரும் ஏற்றுக்கொண்டமையே அவ்வீட்டிற்கு வாய்த்த நன்மை. இரண்டு நாள்களின் பின் ஆழப்பகுதியின் அடியிலிருந்த வடிகால் மூடியின் துளைகளைக் கரையில் நின்றே எண்ணக்கூடியதாயிருந்தது. பெரியவர் அவற்றை எண்ணிப் பார்த்த பின்னரே பேரனின் கையை விட்டார்.