காட்டிருளில் ஒரு தேடல்

இருட்டிய பின் காட்டுக்குள் புகுந்து, எவரோ மறைத்து வைத்த சிறு டப்பாவைத் தேடுவதும் ஒரு விளையாட்டா என வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். ‘ஜியோகேச்சிங்’ எனப்படும் அவ்விளையாட்டை இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் ஆடுகின்றனர்.

அதன் பிறப்பு சுவையானது. செயற்கைக்கோள்களின் துணையால் இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியின் துல்லியத்தைப் பொதுமக்களுக்கு மட்டும் அமெரிக்க அரசு வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அத்தடை நீங்கியது. உடனே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு மறைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். கண்டெடுப்பவர் ஒரு பொருளை எடுத்தால் மற்றொன்றை வைக்க வேண்டும். உள்ளிருக்கும் ஏட்டில் பெயரெழுத வேண்டும். விதி அவ்வளவே.

புதுவைக் குடும்பங்கள் பல பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரிசில் வாழ்வது யாவரும் அறிந்ததே. என் மகளின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. சென்ற அக்டோபரில் அங்குச் சென்றிருந்தபோது, பதினான்கு வயதுப் பேரன், “நன்னா, நீங்களும் வாருங்கள்” என்றான். இஷா தொழுகையை முடித்துக்கொண்டு, மருமகனின் காரில் ஃபோந்தேன்ப்ளோ காட்டை அடைந்தோம். 1842 முதல் தெனெக்கூர் என்பவர் பாறைகளிலும் மரங்களிலும் அடையாளம் இட்டு, நடப்போருக்கு வழி அமைத்த காடு அது.

அடர்ந்த மரங்களின் கீழ் ஜி.பி.எஸ். சற்றே தடுமாறும். ஆதலின் இரவுத் தேடலுக்கென மரங்களில் சிறு ஒளிப்பிரதிபலிப்பு வில்லைகளைப் பொருத்துகின்றனர். பகலில் அவை கண்ணில் படா. இரவில் விளக்கைக் கண்ணருகே பிடித்து நோக்கினால் நட்சத்திரம்போல் மின்னும். வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்புவது அவற்றின் இயல்பு. எனவே விளக்கேந்தியவருக்கே அவை புலப்படும். விலகி நிற்பவருக்கு இருளே தெரியும்.

நாயுடன் வந்த முதியவர் ஒருவர், “என்ன தேடுகிறீர்கள்?” எனக் கடுமையாக வினவினார். என் நெஞ்சு படபடத்தது. தாடியும் தொப்பியுமாக ஒரு கிழவன். விளக்கொளியில் மரம் மரமாகத் துழாவும் ஒரு சிறுவன். எங்கோ மறைந்திருக்கும் ஒரு டப்பா! 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் இத்தகைய டப்பா ஒன்றை வெடிகுண்டோ என ஐயுற்று, வல்லுநர்கள் வெடித்துத் தகர்த்த செய்தியை முன்பே படித்திருந்தேன்.

பேரனோ பதறவில்லை. அவருக்குப் பிரெஞ்சு மொழியில் ஸலாம் கூறி, விளக்கை அவர் கையிலேயே கொடுத்து, “கண்ணருகே பிடித்துப் பாருங்கள்” என்றான். பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார். பாறை இடுக்கிலிருந்த டப்பாவைக் கண்டெடுக்கும்வரை எங்களுடனேயே நடந்தார். ஏட்டில் மூன்று பெயர்களுக்குக் கீழே நான்காவதாக அவருடைய பெயரும் ஏறியது.

சந்தேகிப்பவர்மீது சினம் கொள்வது எளிது. அவர் நிற்குமிடத்திலிருந்து நம் அடையாளங்கள் தெரியவில்லை என்பதை உணர்ந்து, நம் விளக்கை அவரிடம் நீட்டுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அதை அச்சிறுவனிடம் கண்டேன்.

வரும் விடுமுறையில் தட்டாஞ்சாவடியிலும் இவ்விளையாட்டை ஆட வேண்டும் என்கிறான் அவன். தொழிற்பேட்டை நிறைந்த எங்கள் பகுதியில் காடு ஏது? தமிழகக் காப்புக்காடுகளிலோ வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம். எங்கள் கொல்லையில் ஒரு வேம்பும் நான்கு தென்னைகளும் உள்ளன. மிதிவண்டியில் ஒட்டும் ஒளிவில்லைகள் கடையில் கிடைக்கின்றன. டப்பாவின்மேல் அது இன்னதென்று தெளிவாக எழுதிவைப்போம். அண்டை வீட்டாரிடம் முன்னரே சொல்லி, அவர்தம் பிள்ளைகளையும் அழைப்போம். இன்ஷா அல்லாஹ், முதலில் விளக்கேந்துபவர் அவர்களாகவே இருக்கட்டும்.