16 விக்கெட் எடுத்த 19 வயதுப் பையன்... சேப்பாக்கம் மறக்காத பொங்கல்!

அடையாறுக்காரர்கள் கஸ்தூர்பா நகரிலும், மயிலாப்பூர்க்காரர்கள் திருமயிலையிலும் பறக்கும் ரயிலில் ஏறினால் நேராக சேப்பாக்கத்தில் இறங்கிவிடலாம். தி.நகரிலிருந்து வருபவர்களுக்கு பஸ் அல்லது ஆட்டோ. ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியம்.

இன்றைய இளசுகளுக்கு இது தோனியின் கோட்டை. ஆனால், வீட்டில் அப்பாவிடமோ தாத்தாவிடமோ `ஹிர்வானி' என்று சொல்லிப் பாருங்கள். பறக்கும் ரயிலே வராத 1988-க்குப் போய்விடுவார்கள்.

அந்த வருடம் ஜனவரி 11-ம் தேதி, பொங்கல் வாரத்தில் தொடங்கியது அந்த டெஸ்ட். எதிரணி, விவியன் ரிச்சர்ட்ஸ் தலைமையிலான வெஸ்ட் இண்டீஸ். டெல்லியில் தோற்றிருந்த இந்தியாவுக்கு இதுதான் தொடரின் கடைசி வாய்ப்பு. காயத்தால் கேப்டன் வெங்சர்க்கார் ஆடவில்லை. பொறுப்பு ரவி சாஸ்திரிக்கு வந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட லெக் ஸ்பின்னர் நரேந்திர ஹிர்வானிக்கு அதுதான் முதல் டெஸ்ட்.

கபில் தேவின் சதத்தோடு இந்தியா 382 ரன் எடுத்தது. அடுத்து வந்த வெஸ்ட் இண்டீஸை 184-ல் சுருட்டினார் ஹிர்வானி. 61 ரன்னுக்கு 8 விக்கெட். 68 ரன் எடுத்து மிரட்டிய ரிச்சர்ட்ஸையும் அவர்தான் போல்டாக்கினார். இரண்டாவது இன்னிங்ஸில் அறிமுக வீரரான நம்மூர் டபிள்யூ.வி.ராமன் 83 ரன் அடிக்க, இலக்கு 416 ஆனது.

அடித்து ஆடித் தப்பிக்கலாம் என்று வெஸ்ட் இண்டீஸ் வீரர்கள் இறங்கி இறங்கி வந்தார்கள். பந்து திரும்பி மட்டையை ஏமாற்றியது. பின்னால் காத்திருந்த விக்கெட் கீப்பர் கிரண் மோர், அந்த ஒரு இன்னிங்ஸில் மட்டும் 5 பேரை ஸ்டம்பிங் செய்தார். ஹிர்வானிக்கு மறுபடியும் 8 விக்கெட், இம்முறை 75 ரன்னுக்கு. இந்தியா 255 ரன் வித்தியாசத்தில் ஜெயித்து, தொடரை 1-1 என்று சமன் செய்தது.

ஆடுகளம் சுழலுக்கு வாகாக இருந்தது உண்மைதான். ஆனால், அதே ஆடுகளத்தில் மற்ற இந்திய பௌலர்களும்தான் பந்து போட்டார்கள். விழுந்த 20 விக்கெட்டில் 16 இந்தப் பையனுக்கே!

மொத்தக் கணக்கு 136 ரன்னுக்கு 16 விக்கெட். 1972-ல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் பாப் மேஸி, தன் முதல் டெஸ்ட்டில் 137 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்திருந்தார். ஒரே ஒரு ரன்னில் அந்தச் சாதனை சேப்பாக்கத்துக்கு வந்தது. இன்றுவரை வேறு எங்கும் போகவில்லை.

ஆனால், ஹிர்வானியின் பயணம் நீளவில்லை. முதல் 4 டெஸ்ட்டில் 36 விக்கெட் எடுத்தவருக்கு, அடுத்த 13 டெஸ்ட்டில் கிடைத்தது 30 மட்டுமே. மேஸியும் 6 டெஸ்ட்டோடு நின்றுபோனார்.

இந்த மைதானம் சுழலுக்குக் கைகொடுப்பது புதிதல்ல. 1952-ல் இந்தியா முதன்முதலாக ஒரு டெஸ்ட்டை ஜெயித்ததும் இங்கேதான். அன்று ஒரே இன்னிங்ஸில் 8 இங்கிலாந்து விக்கெட்டுகளைச் சாய்த்தவர் வினு மன்கட். 2001-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹர்பஜன் சிங் எடுத்தது 15 விக்கெட்.

1988-ல் இருந்த கேலரிகள் பல இப்போது இல்லை. 2011-ல் புது ஸ்டாண்டுகள் வந்தன. 2023-ல் கலைஞர் கருணாநிதி ஸ்டாண்ட் சேர்ந்தது. அடுத்த முறை மேட்ச் பார்க்கப் போகும்போது, அந்த 16 விக்கெட்டை நேரில் பார்த்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், அவருக்கும் ஒரு டிக்கெட் எடுங்கள்.