முள்ளும் உப்புக்காற்றும்

மரக்காணத்தில் பாட்டுக் கேட்கும் பித்துள்ளவர்கள் கூடினால் பேச்சு எப்படியும் அதிர்வில் வந்து நிற்கும். ஆம்ப்ளிஃபயருக்கு அடியில் ரப்பர் கால் வைக்கலாமா, கருங்கல் பலகை போடலாமா? வைத்த பிறகு பாட்டு தெளிந்தது என்று சொல்பவர்களை நான் நம்புகிறேன். தெளிந்ததற்குக் காரணம் அந்தக் கால்தானா என்பதுதான் என் கேள்வி.

இசைத்தட்டு என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. முள் ஓடும் பள்ளம் ஒரு தலைமுடி அகலம்தான். மெல்லிய ஸ்வரங்களில் முள் அசையும் தூரம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. பாட்டு உரக்க ஒலிக்கும்போதே முள் தருவது சில மில்லிவோல்ட்தான். அதை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கித்தான் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறோம். பாட்டின் அசைவு எது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பு மூட்டை ஏற்றிப் போகும் லாரியின் அசைவு எது என்று முள்ளுக்குத் தெரியாது. ஸ்பீக்கரையும் அதே மேசையில் வைத்தால், அதன் அதிர்வு முள்ளுக்கு ஏறி, பெருகித் திரும்பி ஊளையிடும். 1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் தட்டையும் முள் கையையும் ஒரே சட்டத்தில் பூட்டி, அந்தச் சட்டத்தை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார். வெளிப்பெட்டியைத் தட்டினாலும் முள் குதிக்காது. அதிர்வை அடக்குவதற்கு அதைவிட நேர்மையான வழியை நான் பார்த்ததில்லை.

வால்வு செட்டும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயரின் முதல் வால்வைப் பென்சில் முனையால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் டிங் என்று மணி ஒலிக்கும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிவலை நடுங்குகிறது. சிற்றலையில் இலங்கை வானொலி கேட்ட காலத்து ரேடியோக்களில் கேங் கண்டன்சரை ரப்பர் வளையத்தின் மேல் உட்கார வைத்திருப்பார்கள். சத்தம் கூடினால் அதன் தகடுகள் நடுங்கி நிலையத்தையே அலைக்கழிக்கும் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் அப்படி நடுங்குவதற்குச் சொல்லும்படி எதுவும் இல்லை. சில பீங்கான் கண்டன்சர்கள் அதிர்வுக்கு மின்சாரம் கக்கும், உண்மைதான். காதுக்கு எட்டும் அளவு அபூர்வம். குறுந்தகடு பிளேயரோ விட்டுப்போன எண்களைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். மேசை பலமாக ஆடினால் தாவும். குரலின் குழைவு மாறாது.

அப்படியானால் அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது? கால் வைக்கப் பெட்டியைத் தூக்க வேண்டும். தூக்குவதற்குப் பின்பக்கத்துப் பின்களைக் கழற்ற வேண்டும். உப்புக்காற்று வீசும் இந்த ஊரில் அதுவே பாதி வைத்தியம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். உப்பு அம்பாரத்தில் நடப்பதுதான் பின்னில் படிந்த கண்ணுக்குத் தெரியாத உப்பிலும் நடக்கிறது. என் வீட்டு ஸ்பீக்கர் முனையைத் திருகித் திறந்தபோது செம்புக் கம்பி வெளியே பச்சைக் களிம்பும், உறைக்குள் விரல்கடை நீளத்துக்குக் கறுப்புமாக இருந்தது. அந்தக் களிம்பைத் தாண்டித்தான் பாட்டு வந்துகொண்டிருந்தது. கழற்றிச் செருகும்போது உலோகமும் உலோகமும் உரசிப் படலம் விலகும், கரகரப்பு நிற்கும், மங்கியிருந்த பக்கம் உயிர்பெறும். பெயர் மட்டும் புதுக் காலுக்குப் போய்விடுகிறது.

அதனால் கால் வாங்க நினைப்பவர்களிடம் முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு எல்லாப் பின்களையும் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கச் சொல்கிறேன். கறுத்த கம்பியைத் துடைத்துப் பயனில்லை. நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவ வேண்டும். பிறகு ஒரு வாரம் கேளுங்கள். அதற்கு மேலும் கால் வேண்டுமென்று தோன்றினால், பின்களைத் தொடாமல் பெட்டியை மெல்லத் தூக்கி, வேறொருவரை வைக்கவும் எடுக்கவும் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.