கணக்கு அல்ல, காத்திருப்பு

புரோகிராம் மெதுவாக ஓடுகிறது என்று யாராவது வந்தால், நான் முதலில் கணக்கைப் பார்ப்பதில்லை. தரவை எந்த வரிசையில் தொடுகிறது என்றுதான் பார்ப்பேன். இன்றைய பிராசஸருக்குக் கூட்டலும் பெருக்கலும் ஒரு வேலையே இல்லை. எண் வந்து சேரும்வரை காத்திருப்பதுதான் பெரும்பாடு. பிராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய நினைவகமான எல்1 கேஷில் இருந்தால் நாலைந்து கிளாக் சுழற்சியில் கிடைத்துவிடும். ராம் வரை போனால் நூற்றுக்கணக்கில் ஆகும்.

பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய, வேகமான ஒன்றை, அதாவது இன்று கேஷ் என்று நாம் சொல்வதை, நிறுத்தலாம் என்று கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் எழுதினார். அந்த ஏற்பாடு பலிப்பதற்குக் காரணம் புரோகிராம்களின் குணம்: சற்றுமுன் தொட்டதையே மறுபடி தொடும், இல்லாவிட்டால் அதற்கு அடுத்ததைத் தொடும். அந்தக் குணத்தைக் கெடுக்காமல் எழுதுவதுதான் எங்கள் தொழில்.

சி மொழியில் 4096×4096 அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணுக்கு 8 பைட். கேஷ் ஒற்றை எண்ணாகக் கொண்டுவராது. 64 பைட்டாக, அதாவது எட்டு எண்களாகக் கொண்டுவரும். நிரை நிரையாகப் போனால் எட்டும் பயன்படும். நிரல் வழியாக இறங்கினால் ஒன்றைத் தொட்டுவிட்டு 32,768 பைட் தாவுகிறோம். (ஃபோர்ட்ரானில் இது தலைகீழ்.) 32 கிலோபைட், எட்டு வழி எல்1 கேஷில் 64 செட்கள் உண்டு, ஒரு தரவு எந்த செட்டுக்குப் போகும் என்பதை அதன் முகவரிதான் முடிவுசெய்யும். இந்தத் தாவல் ஒவ்வொரு முறையும் ஒரே செட்டில் போய் விழும். அங்கே எட்டு இடம்தான். ஒன்பதாவது வந்ததும் பழையது ஒன்று வெளியேற வேண்டும். மிச்சம் 63 செட்கள் சும்மா கிடக்கும்.

லூப்பை மாற்ற முடிந்தால் மாற்றிவிடலாம். முடியாத இடத்தில் ஒவ்வொரு நிரையின் கடைசியிலும் எட்டு எண்களுக்கு வெற்றிடம் விடுவேன். நிரை 4104 ஆகிவிடும். ஒவ்வொரு தாவலும் அடுத்த செட்டுக்கு நகரும். எல்1-இல் அத்தனையும் அடங்காதுதான், ஆனால் அடுத்த நிலையில் உள்ள பெரிய கேஷான எல்2 தாங்கிக்கொள்ளும். ஒரு கணக்கும் மாறவில்லை, விடையும் மாறவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

கல்லூரியில் அல்காரிதத்தின் படிகளை எண்ணக் கற்றுக்கொடுக்கிறார்கள். எல்லாப் படிக்கும் ஒரே விலை என்று மாணவர் நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கையை முதல் ஆண்டிலேயே திருத்த வேண்டும். புது சர்வர் கேட்டு விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால், லினக்ஸில் பெர்ஃப் என்ற அளவிடும் கருவியை ஓடவிட்டு, கேஷ் மிஸ் (தேடியது கேஷில் கிடைக்காத தடவைகள்) எத்தனை என்று ஒருமுறை பாருங்கள்.