இராப் பிரயாணங்களில் ஒரு நாற்றம்

அக்டோபர் 9, 2021

ஆத்தூர் ஆஸ்பத்திரியில் அத்தானைப் பார்த்துவிட்டுச் சேலத்துக்குத் திரும்புகையில், வாழப்பாடியைத் தாண்டியதும், ரப்பர் கருகும் நாற்றமொன்று காரினுள் புகுந்தது. மரவள்ளிக் கிழங்கை அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகள் மலிந்த அப்பிரதேசத்தில் நாற்றம் ஓர் அபூர்வ வஸ்து அல்லவாயினும், அது புளித்த நாற்றம். இதுவோ தொண்டையைக் கமறச் செய்வது. வண்டியை ஓரங்கட்டி நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பார்த்தேன். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்குமே. நான்கும் ஒரே வெதுவெதுப்பு. சைலன்சரில் பிளாஸ்டிக் பை ஏதும் ஒட்டி உருகுகிறதா என்று டார்ச் அடித்துத் தேடியதிலும் பலன் இல்லை.

அத்தானுக்கு இன்று ஜுரம் இல்லை.

அக்டோபர் 11

பகலில் ஊருக்குள் எவ்வளவு சுற்றியும் வரவில்லை.

அக்டோபர் 14

ஆயுத பூஜை. காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை, சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம். இந்த உபசாரங்களை அந்த நாற்றம் சிறிதும் பொருட்படுத்தவில்லை என்பது, இரவு மழையில் ஆத்தூரிலிருந்து திரும்பும்போது தெரிந்தது.

அக்டோபர் 18

நகரத்துப் பட்டறை ஒன்றில், பானட்டைத் திறக்காமலேயே, கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடலாம் என்றார்கள். கிளட்ச் கருகுவதும் ஏறக்குறைய இதே நெடிதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஏற்காட்டு மலைப்பாதையில் அரைக் கிளட்சில் உறுமிக்கொண்டு ஏறுகிறவனுக்கோ, நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்கிறவனுக்கோ நேர வேண்டிய இந்த விபரீதம், சமதரைச் சாலையில் மேல் கியரில் ஒரே சீராகப் போகிறவனுக்கு, அதுவும் இரவில் மட்டும் நேர்வானேன்? கேட்டதற்கு, 2014-இலேயே உற்பத்தி நின்றுபோன மாருதி 800-இல் இதெல்லாம் சகஜம் என்றார்கள். வயதையே வியாதியாகச் சொல்லும் வைத்தியர்களிடம் எனக்கு எப்போதும் நம்பிக்கை இருந்ததில்லை.

அக்டோபர் 23

"வந்ததுலேருந்து காரைப் பத்தியே பேசுறியேடா" என்றாள் அக்கா. அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 4

தீபாவளி. பச்சை ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால், வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் அது உறுதிப்படும் என்று 1839-இல் கண்டறிந்தவர் சார்லஸ் குட்இயர். ஆகவே ரப்பர் கருகும் நெடியில் கந்தகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பட்டாசு மருந்திலும் அதே கந்தகம் இருக்க, ஊரே புகையில் மூழ்கிக் கிடந்த இன்றிரவு என் நாசியின் தீர்ப்பு எதுவும் செல்லாது.

நவம்பர் 6

சிவப்பு பேட்டரி விளக்கு மங்கலாக மினுக்கி அணைந்தது. மழை. நாற்றம்.

நவம்பர் 9

அயோத்தியாப்பட்டணத்துக்கருகே சாலையோரப் பட்டறை ஒன்றின் மேஸ்திரியிடம் நாற்றத்தை விஸ்தாரமாக வர்ணிக்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்தி, "எனக்கு வாசனையே தெரியாதுங்க சார். போன வருஷம் அந்தக் காய்ச்சல் வந்ததுலேருந்து மூக்கு போச்சு. எப்படி நாறுதுன்னு சொல்லாதீங்க, எப்ப நாறுதுன்னு சொல்லுங்க" என்றார்.

பையிலிருந்த இந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து, காருக்குச் சம்பந்தமான வரிகளை மட்டும் வாசித்தேன். இடையிடையே மற்ற வரிகள் குறுக்கிட்ட இடங்களில் நான் தயங்கியதை அவர் கவனிக்காதவர்போல் இருந்தார். இரவு, மழை, பேட்டரி விளக்கு என்று கேட்டதும் பானட்டைத் தூக்கினார். பெல்ட்டைக் கழற்றி அதன் பக்கவாட்டைக் காட்டினார். வழுக்கி வழுக்கித் தேய்ந்து பளபளத்தது. தண்ணீர் பம்ப்பின் புல்லி தாராளமாகச் சுழன்றது. ஆல்டர்னேட்டரின் புல்லியோ கரகரவென்று முனகி, பாதியில் நின்றது.

"பேரிங் போச்சுங்க. லைட்டு, வைப்பர் எல்லாம் ஒண்ணாப் போட்டா இதுக்குப் பாரம் கூடுது, சுத்த மாட்டேங்குது. பெல்ட்டு இது மேல வழுக்கிச் சூடேறிக் கருகுது. பகல்ல பாரம் இல்லை, அதான் நாத்தமும் இல்லை."

புதிய பேரிங்கும் புதிய பெல்ட்டும் பொருத்தி, இரு புல்லிகளுக்கும் நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, அரை அங்குலம் அமுங்குகிறதென்று திருப்தியடைந்தபின், விளக்குகள், வைப்பர் சகலமும் போட்டு எஞ்சினை உறுமவிட்டார். "இப்ப வருதுங்களா?" என்று என் முகத்தையே பார்த்தார். இல்லை என்றேன். என் சாட்சியம் போதவில்லை போலும். உதவிக்கு நின்ற பையனையும் குனிந்து முகரச் சொன்னார்.

நவம்பர் 12

நாற்றம் இல்லை. புது பெல்ட் சற்று நீளும், சில நாள் கழித்து வந்தால் மறுபடி முறுக்கித் தருவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். இன்றைய பிரயாணத்தில் யோசிப்பதற்கு விஷயமே இல்லாதிருந்தது. பாதை மிகவும் நீளம்.

நவம்பர் 15

அத்தானை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார் டாக்டர். எந்த அர்த்தத்தில் என்று அவர் விளக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வேண்டாம், உன் காரிலேயே போய்விடலாம், அவருக்கு அதில் போகத்தான் பிடிக்கும் என்கிறாள் அக்கா. உட்கார அவரால் இயலாது. முன்சீட்டை மடக்கி, பின்சீட்டிலிருந்து குறுக்காகப் பலகை ஒன்று போட்டால் படுக்க வைக்கலாமோ என்னவோ. காலையில் எழுந்ததும் அளந்து பார்க்க வேண்டும்.