ஒரு பெட்டிச் செய்தியும் ஒரு திருத்தமும்

பத்திரிகைத் தொழிலில் கழிந்த நாற்பது ஆண்டுகளில் நான் எழுதிய திருத்தங்கள் பல. நேற்று முதற் பக்கத்தில் வந்த பிழையை இன்று ஆறாம் பக்கத்தின் அடியில், ஒரு சிறு பெட்டிக்குள், "தவறுக்கு வருந்துகிறோம்" என்று எழுதி முடித்துவிடுவோம். முதற் பக்கத்தைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பெட்டியைப் பார்த்திருப்பார்கள் என்று அந்நாளில் நான் எண்ணியதில்லை. அண்மையில் வேறொரு பெட்டி என்னை எண்ண வைத்தது. அது ஒலிபெருக்கிப் பெட்டி.

ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் திரும்பிய பின், தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவுகளைச் செம்மையாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை வந்தது. பத்து அங்குல ஒலிபெருக்கி ஒன்று கையில் இருந்தது. அதற்கு 45 லீற்றர் கனவளவுள்ள பெட்டி வேண்டும் என்றும், பெட்டியில் பொருத்தும் காற்றுக்குழாய் 40 ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு இசைவாக அமைய வேண்டும் என்றும் அதனுடன் வந்த தாளில் குறித்திருந்தார்கள். சாதாரண பெட்டியானால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கியதும் கணக்கு முடிந்துவிடும். எனக்குக் கிடைத்த இடமோ மாடிப்படியின் கீழுள்ள மூலை. அடி அகன்று மேலே ஒடுங்கும் பெட்டிதான் அங்கே அடங்கும்.

படம் வரைந்தேன். உள்ளளவில் அடித்தளம் 40 சென்ரிமீற்றருக்கு 36, மேற்றளம் 20க்கு 18, உயரம் 50. அடித்தளத்தின் பரப்பு 1440, மேற்றளத்தின் பரப்பு 360. இரண்டையும் கூட்டிப் பாதியாக்க 900 சதுர சென்ரிமீற்றர். அதை உயரத்தால் பெருக்க 45,000 கன சென்ரிமீற்றர். அதாவது சரியாக 45 லீற்றர். இத்தனை அழகாக வந்த விடையைச் சந்தேகிக்க மனம் ஒப்பவில்லை.

ஊரிலுள்ள ஓடாவியார் ஒருவர் பெட்டியைச் செய்து தந்தார். போட்டுக் கேட்டேன். தவிலின் தொப்பிப் பக்கத்து அடிகளில் ஆழம் இல்லை. எல்லா அடியும் ஒரே விதமாய் வீங்கி முழங்கின. பெட்டி சிறிதானால் இவ்வாறு நேரும் என்று படித்திருந்தேன். உடனே ஓடாவியாரைத் தொலைபேசியில் அழைத்து, பலகையை மிச்சம் பிடிக்க அளவில் கைவைத்துவிட்டீர் என்று கடிந்தேன். அத்துடன் நின்றேனா? அன்று மாலை வந்த உறவினரிடமும், அயல் வீட்டாரிடமும் அவர் நம்பத்தக்கவர் அல்லர் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாட் காலையில் ஓடாவியார் வந்தார். வாதம் எதுவும் செய்யவில்லை. என் படத்தை விரித்து, அளவுநாடாவைப் பிடித்துக் காட்டினார். ஒவ்வோர் அளவும் நான் எழுதியபடியே இருந்தது. "ஐயா, கடதாசிக் கணக்கை ஒருக்கா விட்டிட்டு நிரப்பிப் பாப்பம்" என்றார்.

ஒலிபெருக்கியைக் கழற்றி, குழாயின் இரு வாயையும் அடைத்து, அந்த வட்டத் துளையால் அரிசியைக் கொட்டினோம். ஒரு லீற்றர்ப் பாத்திரத்தை அளவாக வைத்துக்கொண்டோம். பெட்டியைக் குலுக்கினால் அரிசி இறுகும். ஆகையால் பாத்திரத்தையும் ஒவ்வொரு முறையும் அதேபோல் தட்டி நிரப்ப வேண்டும் என்று அவர் சொன்னார். அந்த நுணுக்கம் எனக்குத் தோன்றியிருக்காது. முப்பது கிலோ அளவு அரிசி உள்ளே போயிற்று. முப்பத்தெட்டாவது பாத்திரத்துடன் பெட்டி நிரம்பிற்று.

ஏழு லீற்றர் எங்கே போயிற்று? மேலே போகப் போக நீளமும் ஒடுங்குகிறது, அகலமும் ஒடுங்குகிறது. ஆகவே பாதி உயரத்தில் பரப்பு 30க்கு 27, அதாவது 810 தான். நான் கொண்ட 900 அன்று. அடிப்பரப்பு, மேற்பரப்பு, நடுப்பரப்பின் நான்கு மடங்கு ஆகிய மூன்றையும் கூட்டி, உயரத்தால் பெருக்கி, ஆறால் வகுக்க வேண்டும். விடை 42 லீற்றர். உள்ளே இருந்த குறுக்குச் சட்டங்களும் குழாயும் 4 லீற்றரைப் பிடித்துக்கொண்டன. அரிசி சொன்ன 38 அதுவே. ஒலிபெருக்கியின் பின்புறக் காந்தமும் கூடும் மேலும் 2 லீற்றரை எடுக்க, காற்றுக்கு எஞ்சியது 36.

பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போன்றது. குழாயிலுள்ள காற்று அதில் தொங்கும் பாரம். பெட்டி சிறுத்தால் வில் விறைக்கும், அதிர்வு விரையும். 40 ஹேர்ட்ஸ் ஏறத்தாழ 45 ஆகிவிட்டிருந்தது.

வானியலறிஞர் கெப்ளரின் கதை அப்போது நினைவுக்கு வந்தது. 1613இல் லின்ஸ் நகரில் தம் இரண்டாம் திருமணத்துக்காக அவர் வைன் பீப்பாய்கள் வாங்கினார். வணிகன் துளைவழியே ஒரு கோலைச் சரிவாக விட்டு, அது நனைந்த நீளத்தைக் கொண்டு விலை சொன்னான். அந்த முறை சரிதானா என்று ஆராயப் புகுந்தவர், 1615இல் பீப்பாய்களின் கனவளவு பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இரு முனைகளுடன் நடுப்பரப்பின் நான்கு மடங்கைக் கூட்டும் விதியை ஜெர்மானியர் இன்றும் கெப்ளரின் பீப்பாய் விதி என்கின்றனர். அவர் வணிகனைத் திட்டாமல் அளவுமுறையை ஆராய்ந்தார். நான் அளவை ஆராயாமல் மனிதரைத் திட்டினேன்.

மன்னிப்புக் கேட்டேன். "கணக்கிலை பிழை வாறதுதானே ஐயா. உங்கடை பேப்பரிலையும் வாறதுதானே" என்று சிரித்தார். 20 சென்ரிமீற்றர்க் குழாயை எடுத்துவிட்டு 26 சென்ரிமீற்றர்க் குழாய் பூட்டினோம். பெட்டி சிறியதாகவே இருந்தாலும் அதிர்வு மீண்டும் 40 அளவுக்கு இறங்கியது. தொப்பி பேசத் தொடங்கிற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அயல் வீட்டாரிடம் உடனே போய் உண்மையைச் சொன்னேன். உறவினரிடம் சென்றபோது, தம் புதிய வீட்டின் கதவு, யன்னல் வேலை முழுவதையும் வேறொருவருக்குக் கொடுத்து முற்பணமும் செலுத்திவிட்டதாகச் சொன்னார். ஓடாவியாருக்கு வரவிருந்த வேலை அது. என் ஒரு வாக்கியம் அதைப் பறித்துவிட்டது. குழாயை நீட்டியதுபோல் அதை நேராக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஆகவே இந்தத் திருத்தத்தை மூலைப் பெட்டியில் ஒடுக்காமல் முழுநீளத்தில் எழுதுகிறேன். பெட்டியை அவர் சரியாகவே செய்தார். பிழை என்னுடையது.