கல்முனைக் கரையில் ஒரு மாலை

மட்டக்களப்பிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் கல்முனை. நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் கொடியேறும் ஊர். முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். மெதடிஸ்த திருச்சபையார் தொடங்கிய வெஸ்லி பாடசாலையைக் கண்டபின், முதிய கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவருடன் கடலோரம் அமர்ந்தோம்.

மெதடிஸ்த இயக்கத்தின் தந்தை ஜோன் வெஸ்லி, கிருபை இலவசமென்று 1739இல் பிரசங்கித்தவர். மீட்புக்கு விலையில்லையாம்! அவ்வாறாயின் அவர் வழிவந்த வில்லியம் ஓல்ட் ஏன் அத்தனை விலை கொடுத்தார்? மனைவியைக் கடற்பயணத்திலேயே பறிகொடுத்து, 1814இல் தனியராய் மட்டக்களப்பை அடைந்து, பள்ளிகள் தொடங்கி, மறு ஆண்டே அவ்வூரில் மாண்டார். ஜெர்மானியப் போதகர் பொன்ஹோபர் 'மலிவான கிருபை'யைச் சாடி 1937இல் நூல் எழுதினார். 1945இல் ஹிட்லர் ஆட்சி அவரைத் தூக்கிலிட்டது.

குட்டியைத் தாய்ப்பூனை கவ்விச் செல்கிறதா, குரங்குக்குட்டிபோல் தானே பற்றிக்கொள்ள வேண்டுமா என நம் வைணவப் பெரியோரும் வழக்காடியதுண்டு. இதனைச் சொல்லி, "ஓல்ட் கொடுத்தது கூலியா?" என்று ஆசிரியரைக் கேட்டோம்.

"கடனென்றால் அடைத்துவிட்டு எழுந்து போயிருப்பார், ஐயா. அவருக்குக் கிடைத்தது கொடையல்லவா!" என்றார்.

மேலும் கேட்க வாயெடுத்தோம். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. ஆசிரியர் கையமர்த்தினார், நாமும் மௌனமானோம்.